டிராவலர் வண்டியில் சோலார்: பேனல் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பழைய டெம்போ டிராவலர், 3350 வீல்பேஸ், 12 வோல்ட் வண்டி. சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை, அலமாரி, சின்னச் சமையல் மேடை வரை முடித்தாகிவிட்டது. நீங்கள், மனைவி, பையன், மாமியார் என நாலு பேர், மாதத்துக்கு ஒரு பயணம். மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர், அதனால் ஃபிரிட்ஜ் கட்டாயம். கேள்விகள் மூன்று. 540 வாட் பேனல் இரண்டு கிடைக்கிறது, வாங்கலாமா? வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியை வண்டிக்கு மாற்றலாமா? ஏசி ஓடுமா?

பேனல் ஒன்று போதும். டியூபுலர் வேண்டாம். ஏசியை மறந்துவிடுங்கள். காரணங்களையும் சொல்லிவிடுகிறேன், அவை தெரிந்தால்தான் நாளைக்கு நீங்களே எதையாவது கூட்டிக் குறைக்க முடியும்.

சோலார் என்றதும் எல்லோரும் பேனலில்தான் ஆரம்பிக்கிறார்கள். கூரையில் தெரிவது அதுதான். என் அனுபவத்தில் வண்டிக்குள் வருகிற பிரச்சினைகளில் பெரும்பாலானவை பேனலுக்குக் கீழேதான்: ஒயர் தடிமன், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காது), ஃபியூஸ், பேட்டரி. பேனலைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதலில் ஒரு தாளை எடுத்து, வண்டியில் ஓடப்போகும் ஒவ்வொரு பொருளையும், அது எத்தனை வாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுங்கள். வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-ஹவர். ஆயிரம் வாட்-ஹவர் சேர்ந்தால் ஈ.பி. மீட்டரில் ஓடும் அதே ஒரு யூனிட்.

நீங்கள் சொன்ன பொருள்களை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 50 வாட் இழுக்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் பாதி நேரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஒரு நாளைக்கு 600 வாட்-ஹவர் வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஃபேன் இரண்டு, தலா 20 வாட், பத்து மணி நேரம்: 400. எல்.இ.டி. லைட் நாலு, தலா 5 வாட், ஐந்து மணி நேரம்: 100. லேப்டாப் மூன்று மணி நேரம்: 180. நாலு செல்போன்: 60. தண்ணீர் மோட்டார் கால் மணி நேரம் ஓடினால் பத்துப் பன்னிரண்டுதான். கூட்டினால் ஏறக்குறைய 1350. ஒயரிலும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலும் போகும் இழப்புக்கு 15 சதவீதம் சேர்த்தால் 1550, அதாவது ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். இனி எல்லா முடிவும் இந்த ஒன்றரை யூனிட்டிலிருந்துதான்.

இதில் ஃபிரிட்ஜ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடைகளில் விலை குறைவாக, கார் சிகரெட் சாக்கெட்டில் செருகும் 'கூலர் பாக்ஸ்' வகை ஒன்று கிடைக்கும். அதில் கம்ப்ரசர் இருக்காது. அது ஐம்பது அறுபது வாட்டை நிற்காமல் இழுக்கும், வெளி வெப்பத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் குளிர்விக்காது. வண்டிக்குள் 40 டிகிரி இருந்தால் உள்ளே 20 டிகிரி. இன்சுலின் இருப்பு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உங்கள் தேவைக்கு அது உதவவே உதவாது. கம்ப்ரசர் வகையைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து பேட்டரி. டியூபுலர் வீட்டுக்கு அருமையான பேட்டரி. நகராமல், காற்றோட்டமான இடத்தில் நின்றுகொண்டு பல வருடம் உழைக்கும். வண்டிக்குள் அதே பேட்டரி வேறு மாதிரி நடந்துகொள்ளும். 150 ஏஹெச் டியூபுலர் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே திரவ ஆசிட். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. அந்த ஆட்டத்தில் ஆசிட் மூடி வழியாகக் கசியும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வெளியேறும். நாலு பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறையில் அதை வைக்கக் கூடாது. இதெல்லாம் இல்லையென்றாலும், லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சரசரவென்று குறையும். 150 ஏஹெச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் கணக்குக்கு 1800 வாட்-ஹவர், பயன்படுத்தக்கூடியது 900. உங்கள் ஒன்றரை யூனிட்டுக்கே அது எட்டாது.

அதனால் வண்டிக்கு லித்தியம் பேட்டரிதான். அதிலும் எல்.எஃப்.பி. வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். லித்தியம் வகைகளில் சூட்டைத் தாங்குவதில் இது நிதானமானது. 12.8 வோல்ட், 200 ஏஹெச் என்றால் 2560 வாட்-ஹவர். எண்பது சதவீதம் வரை எடுத்தாலும் இரண்டு யூனிட் கிடைக்கும், எடை டியூபுலரில் பாதிகூட வராது. உள்ளே பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்து, அளவு மீறினால் வெட்டிவிடும் சர்க்யூட்) இருக்கிறதா, அது தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும் என்பதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். 100 ஆம்பியர் பி.எம்.எஸ்ஸோடு வந்த பேட்டரியில் 1500 வாட் இன்வெர்ட்டரை மாட்டினால், முழு லோடு ஏறும்போது பி.எம்.எஸ். வெட்டிவிடும், இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

எல்.எஃப்.பி.யைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டியூபுலரில் வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்.எஃப்.பி.யில் முடியாது. நாற்பது சதவீதத்திலும் 13.1, 13.2 வோல்ட்தான் காட்டும், எழுபதிலும் ஏறக்குறைய அதேதான். கடைசியில் திடீரென்று சரியும். அதனால் நெகட்டிவ் பக்கத்தில் ஷண்ட் (ஆம்பியரை அளக்கும் சின்னத் தடை) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றைப் போடுங்கள். உள்ளே போன ஆம்பியர், வெளியே வந்த ஆம்பியர் இரண்டையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். இன்சுலினை நம்பி வைக்கும் வண்டியில் இதை நான் கூடுதல் செலவாக நினைக்க மாட்டேன்.

பேட்டரியை எங்கே வைப்பது? டிராவலரில் எஞ்சின் முன்னால், அந்தப் பக்கமே வேண்டாம். பின் சக்கரத்துக்கு மேலோ அதை ஒட்டியோ, படுக்கைக்கு அடியில், தரையோடு போல்ட் போட்ட பட்டையில் கட்டி வையுங்கள். பெரும்பாலான எல்.எஃப்.பி. செல்களுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல. மூடிய வண்டி மே மாத வெயிலில் நின்றால் அந்தச் சூடு சாதாரணமாக வந்துவிடும். பெட்டியின் இரண்டு பக்கமும் காற்றுத் துளை விடுங்கள், பேட்டரி மேல் போர்வை, தலையணை அடைக்காதீர்கள். கேஸ் சிலிண்டர் அந்தப் பக்கமே வரக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாக ஓடி வந்து பேட்டரிப் பெட்டிக்குள் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வண்டிக்கு வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 2000 வாட் அடுப்புக்கு 12 வோல்ட்டில் 180 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஐந்து கிலோ சிலிண்டரிலேயே சமையுங்கள்.

இப்போதுதான் பேனல். 540 வாட் என்று பேனலில் ஒட்டியிருப்பது ஆய்வகத்தில் எடுத்த அளவு: ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் வெயில், செல்லின் வெப்பம் 25 டிகிரி. நம் ஊரில் வெயில் அடிக்கும், ஆனால் 25 டிகிரியில் அடிக்காது. வண்டிக் கூரையில் மதியம் செல்லின் சூடு 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும், 40 டிகிரி கூடினால் 14 சதவீதம் போய்விடும். தூசு, ஒயர், கன்ட்ரோலர் இழப்புகளையும் கழித்து நான் எப்போதும் 70 சதவீதம் என்றுதான் கணக்குப் போடுவேன். நல்ல வெயில் நாளில் நமக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான வெளிச்சம் கிடைக்கும். 540 பெருக்கல் 5 பெருக்கல் 0.7, அதாவது 1890. உங்கள் தேவை 1550. ஒரு பேனலே மீதி வைக்கிறது.

சாய்த்து மாட்ட வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. ஈரோடு 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நாலாவது வாரத்திலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே. டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவில் வேன் கட்டுகிறவர்கள் சாய்ப்பதற்கென்று என்னென்னவோ செய்வார்கள், அவர்களுக்கு அது தேவை. நமக்குப் படுக்கையாக மாட்டுவதே சரி.

இரண்டாவது பேனலை வேண்டாம் என்பதற்கு உண்மையான காரணம் வேறு. நம் ஊரில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? புளிய மரத்தடியில். நானும் அப்படித்தான். வெயிலில் நிறுத்தினால் பேனலுக்கு நல்லது, உள்ளே இருக்கிற மனிதர்களுக்கு ஆகாது. நிழலில் நிறுத்தினால் அத்தை நிம்மதியாகத் தூங்குவார், பேனல் பட்டினி. நிழலில் ஒரு பேனல் கொடுப்பது சொற்பம், இரண்டு பேனல் கொடுப்பதும் சொற்பம்தான். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மூடிக்கொண்டு பெய்யும்போதும் இதே கதை. அந்த இரண்டாவது பேனலுக்கும் அதன் ஃபிரேமுக்கும் ஆகிற பணத்தை ஆல்டர்னேட்டர், அதாவது வண்டியின் டைனமோ பக்கம் திருப்புங்கள்.

ஓடும் வண்டியில் டைனமோ இருக்கவே இருக்கிறது. அதிலிருந்து லித்தியத்துக்கு நேராக ஒயர் இழுக்கக் கூடாது. எல்.எஃப்.பி. எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், உள் தடை அவ்வளவு குறைவு. வண்டி ஐடிலில் நிற்கும்போது டைனமோவுக்குக் குளிர்ச்சி போதாது, அந்த நேரத்தில் இப்படி உறிஞ்சினால் டைனமோ கருகிவிடும். நடுவில், அளவாக மட்டும் எடுத்துக் கொடுக்கும் ஒரு 30 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் போட வேண்டும். வண்டி ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி இக்னிஷன் ஒயரை அதற்குக் கொடுக்க வேண்டும். 30 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 400 வாட். மூன்று மணி நேரம் ஓட்டினால் 1.2 யூனிட். ஈரோட்டிலிருந்து ஊட்டி போய்ச் சேருவதற்குள், கூரையில் மழை பெய்தாலும் மேகம் மூடியிருந்தாலும், ஒரு நாள் தேவையில் முக்கால் பங்கு ஏறியிருக்கும். சோலார் பற்றிக் கேட்டவரிடம் டைனமோவைச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஃபிரிட்ஜைக் காப்பாற்றப் போவது இதுதான்.

கன்ட்ரோலர் விஷயத்தில் ஒரே ஒரு முடிவுதான்: எம்.பி.பி.டி. வகை. 540 வாட் பேனல் வேலை செய்வது 41 வோல்ட்டில். விலை குறைந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துவிடும், ஆம்பியர் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும். எம்.பி.பி.டி. அந்த வோல்ட்டை இறக்கி ஆம்பியராக மாற்றித் தரும். 540ஐ 13.5ஆல் வகுத்தால் 40 ஆம்பியர், அதனால் 40 அல்லது 50 ஆம்பியர் கன்ட்ரோலர். அதில் லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும், 14.2 முதல் 14.4 வோல்ட்டில் நிறுத்தும்படி வையுங்கள்.

நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் இரண்டு பேனல் வாங்கிவிட்டால், இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகை பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட், அதாவது லோடு எதுவும் இல்லாதபோது காட்டும் வோல்ட், 49.5 அளவில் இருக்கும். சீரிஸில் போட்டால் 99. கடைக்காரர் 100 வோல்ட் கன்ட்ரோலர் தாங்கும் என்பார். ஈரோட்டு வெயிலில் தாங்கும். தை மாதம் ஊட்டியில் விடியற்காலை 5 டிகிரியில், செல் குளிர்ந்து கிடக்கும்போது முதல் வெளிச்சம் பட்டால் வோல்ட் ஏறும். டிகிரிக்கு 0.27 சதவீதம், 20 டிகிரி குறைந்தால் 5 சதவீதத்துக்கு மேல். 99 என்பது 104 ஆகிவிடும், கன்ட்ரோலர் அந்த நிமிஷமே செத்துவிடலாம். இரண்டு பேனலையும் பேரலலில் போடுங்கள், அல்லது 150 வோல்ட் கன்ட்ரோலர் வாங்குங்கள்.

கூரை வேலையை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். இந்தப் பேனல் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. கூரைத் தகட்டில் மட்டும் ஸ்க்ரூ போட்டால் வண்டி ஓடும்போது காற்று அடியில் புகுந்து தூக்கும், ஆறு மாதத்தில் துளை பெரிதாகிவிடும். தகட்டுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டங்களைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அவற்றோடு போல்ட் போகும்படி ஃபிரேம் அடியுங்கள். உங்களுக்கு கரூர் பக்கம்தான். பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இதைச் சொன்னால் அரை நாளில் புரிந்து செய்துவிடுவார்கள். நைலாக் நட், எஸ்.எஸ். போல்ட். பேனலுக்கும் கூரைக்கும் நடுவில் நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று ஓடினால் பேனலும் குளிரும், பேனல் நிழலில் கூரையும் குளிரும். துளைகளுக்கு பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள், பாத்ரூம் சிலிக்கான் வண்டி அதிர்வில் உரிந்துவிடும். வென்ட் மூடியின் நிழலோ கேரியர் கம்பியின் நிழலோ பேனல் மேல் விழாத இடமாகப் பாருங்கள். ஒரு கை அகல நிழல் விழுந்தாலே பேனலின் மூன்றில் ஒரு பகுதி வேலையை நிறுத்திவிடலாம். முடிந்ததும் வண்டியின் மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து டிரைவர் சீட் முன்னால் எழுதி ஒட்டுங்கள், ரயில்வே சுரங்கப் பாதைகளில் தேவைப்படும்.

துளை போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. சீட்டுகளைக் கழற்றியாகிவிட்டது என்கிறீர்கள், சோலாரைவிட அதுதான் முதல் கேள்வியாக வரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி ஒயர். நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான்.

வீட்டில் 1000 வாட் பொருள் 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 1000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால் 95 ஆம்பியர். வீட்டு ஒயரிங் பழகிய எலக்ட்ரீஷியன்கள் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரைத் தடிமனானது என்று நினைப்பார்கள். இங்கே இன்வெர்ட்டருக்கு 35 ஸ்கொயர் காப்பர் வேண்டும், அதுவும் ஒரு மீட்டருக்குள். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16 ஸ்கொயர். கூரையிலிருந்து கன்ட்ரோலருக்கு 6 ஸ்கொயர் சோலார் கேபிள் தாராளம், அங்கே வோல்ட் அதிகம், ஆம்பியர் 13தான். ஃபிரிட்ஜுக்கு மட்டும் தனியாக 4 ஸ்கொயரில் ஒரு ஜோடி இழுங்கள், நடுவில் எந்தக் கிளையும் வேண்டாம். 1.5 ஸ்கொயரில் ஐந்து மீட்டர் இழுத்தால், கம்ப்ரசர் கிளம்பும்போது 8 ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் ஒயரிலேயே போய்விடும். ஃபிரிட்ஜ் பேட்டரி காலி என்று நினைத்துக்கொண்டு நின்றுவிடும். பேட்டரி நிறைய இருக்கும், ஃபிரிட்ஜ் ஓடாது, யாருக்கும் காரணம் புரியாது. 4 ஸ்கொயரில் இழப்பு ஒரு வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்குதான்.

என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். வால்பாறையில் ஒரு ராத்திரி, வெளியே விடாத மழை. குழந்தைக்குப் பால் சுட வைக்க எலக்ட்ரிக் கெட்டிலைப் போட்டோம், 800 வாட். இரண்டாவது நிமிஷத்தில் ரப்பர் கருகும் வாடை. படுக்கைப் பலகையைத் தூக்கினால், இன்வெர்ட்டர் பாசிட்டிவ் முனையில் சிவப்பு ஸ்லீவ் சுருங்கிக் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தது. லக்கின் செம்பு நீலம் பாரித்திருந்தது. கெட்டிலை அணைத்து, ஆறிய பிறகு நட்டைத் தொட்டேன், ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே சுழன்றது. வளைவுகளின் அதிர்வில் கழன்றிருக்கிறது. அந்த லக்கும் கிரிம்ப்பிங் டூல் வைத்து அழுத்தியதல்ல, உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தது. 150 ஆம்பியர் ஃபியூஸ் பத்திரமாக இருந்தது, ஏனென்றால் ஓடியது 75 ஆம்பியர்தான். லூஸ் முனையில் 0.01 ஓம் தடை இருந்தாலே 75 ஆம்பியருக்கு 56 வாட் சூடு பிறக்கும். ஒரு சால்டரிங் அயனை இரண்டு விரல் அகல இடத்தில் அழுத்திப் பிடித்தது போல. பலகைக்கு மேல் நாங்கள் எல்லோரும் படுத்திருந்தோம்.

அன்றைக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதை நீங்கள் முதலிலேயே செய்துவிடுங்கள். பெரிய லக்குகள் எல்லாம் ஹைட்ராலிக் கிரிம்ப்பரில் அழுத்தப்பட வேண்டும். டூல் இல்லையென்றால் ஒயர் நீளத்தை அளந்துகொண்டு போய், டூல் வைத்திருக்கிற மின்சாரப் பேனல் போர்டு கட்டும் பட்டறையில் அழுத்தி வாருங்கள். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர். இறுக்கிய பிறகு நட்டிலிருந்து முனை வரை பெயின்ட் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள், கோடு விலகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். பெரிய லோடைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு முனையின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். பக்கத்து முனையைவிட ஒன்று மட்டும் பத்து டிகிரி அதிகம் காட்டினால் அதைக் கழற்றித் திரும்பச் செய்யுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள ஒயரை எதுவும் காப்பாற்றாது. எல்.எஃப்.பி. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அதை வெட்டக்கூடிய கிளாஸ் டி (Class T) ஃபியூஸாகப் பாருங்கள். 1000 வாட் இன்வெர்ட்டருக்கு 125 ஆம்பியர், கன்ட்ரோலருக்கு 60, ஃபிரிட்ஜுக்கு 15. வீட்டு எம்.சி.பி.யை டி.சி. பக்கம் போடவே கூடாது. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்சில் எழும் தீப்பொறி தானே அணையும். டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது, பொறி நின்று எரியும். டி.சி. எம்.சி.பி. என்று கேட்டே வாங்குங்கள். ஒயர் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும், அது உராயாமல் இருக்க ரப்பர் வளையம் (கிரோமெட்) போடுங்கள்.

இணைக்கும் வரிசை முக்கியம். கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, பிறகுதான் பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. வேலை செய்யும்போது பேனல் மேல் கனமான போர்வையைப் போட்டு மூடிவிடுங்கள். வெயிலில் கிடக்கும் பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது.

இன்வெர்ட்டர் சுத்த சைன் வேவாக, 1000 வாட்டுக்கு மேல் போகாமல் வாங்குங்கள். அதையும் தேவையான நேரத்தில் மட்டும் போடுங்கள். சும்மா ஆன் ஆகி நிற்கும்போதே 15 வாட் தின்றால், ஒரு நாளில் 360 வாட்-ஹவர், உங்கள் இரண்டு ஃபேன்கள் ராத்திரி முழுக்க ஓடுவதற்குச் சமம். ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், போன் எல்லாம் நேராக 12 வோல்ட்டில் ஓடட்டும். லேப்டாப்புக்கு 12 வோல்ட்டில் செருகும் 65 வாட் டைப்-சி சார்ஜர் கிடைக்கிறது, அதுவே போதும்.

ஏசிக்கு வருகிறேன். முக்கால் டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 500 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு நாலு யூனிட். அதற்கு மட்டும் 400 ஏஹெச் பேட்டரி. தினமும் அதை நிரப்ப, கூரையில் இடமே இல்லாத அளவுக்குப் பேனல். மூன்று நாள் மழை என்றால் எல்லாம் வீண். அந்தப் பணத்தில் கூரைத் தகட்டுக்கும் உள் பலகைக்கும் நடுவே நல்ல இன்சுலேஷன் போடுங்கள், சூடான காற்றை மேலே இழுத்து வெளியே தள்ளும் 12 வோல்ட் ரூஃப் வென்ட் ஃபேன் ஒன்று வையுங்கள். ஹோம்ஸ்டே, பெட்ரோல் பங்க் என்று நிற்கும் இடத்தில் 15 ஆம்பியர் பிளக் கிடைத்தால் செருகிக்கொள்ள வெளிப் பக்கம் ஒரு சாக்கெட்டும், உள்ளே மின்சாரம் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், 30 ஆம்பியர் லித்தியம் சார்ஜரும் போடலாம். வண்டியின் உடல் இரும்பு, அதனால் அந்த ஆர்.சி.சி.பி. இல்லாமல் வெளி மின்சாரத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது.

வண்டி மாதத்தில் இருபது நாள் வீட்டில் நிற்கும். அப்போது பேட்டரியை நூறு சதவீதத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஐம்பது அறுபதில் விட்டு மெயின் சுவிட்சையும் பேனல் பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டால் வெயிலே நிரப்பிவிடும். பேனலைக் காலையில் சூடேறும் முன் தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.

கடைசியாக அத்தையின் இன்சுலின். சுமைகளை இரண்டாகப் பிரியுங்கள். லேப்டாப், இன்வெர்ட்டர், அலங்கார லைட் எல்லாம் ஒரு பக்கம், பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்தால் மானிட்டரின் ரிலே அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டட்டும். ஃபிரிட்ஜும் ஒரு லைட்டும் இன்னொரு பக்கம், கடைசி வரை ஓடட்டும். ஃபிரிட்ஜுக்கு மணிக்கணக்கில் சராசரி 25 வாட்தான், அந்த 30 சதவீதத்தில் பத்துப் பதினைந்து சதவீதத்தை மிச்சம் வைத்தாலும் அரை நாளுக்கு மேல் தாங்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து, அதன் டிஸ்ப்ளே படுக்கையிலிருந்து தெரியும்படி ஒட்டுங்கள். இன்சுலினை ஃபிரிட்ஜின் உலோகச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், வண்டி ஃபிரிட்ஜ்களில் அந்தச் சுவர்தான் பனி பிடிக்கும் இடம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நடுவில், மேல் தட்டில் வையுங்கள். உறைந்த இன்சுலின் திரும்ப இளகிவிட்டாலும் அதைப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். முதல் பயணத்துக்கு முன், வெறும் தண்ணீர் பாட்டிலை அதே டப்பாவில் வைத்து, வீட்டு வாசலில் இரண்டு இரவு ஓடவிட்டுப் பாருங்கள்.